உள்ளே ஆள் மாஃபி

தன் மேலதிகாரியின் மேசையில் அந்தப் புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து அம்மையப்பனுக்குப் பனிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. படத்தில் அந்த வெள்ளைக்காரர் ஏதோ ஒரு மலை உச்சியில், காலில் இரண்டு பலகையும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தன்னைப் போலப் பெயருக்குக் கீழே மூன்று வரிக்குப் பதவி போட்டுக்கொள்கிற ஒரு மனிதர், ஐம்பத்திரண்டு வயது வரை ஒரு மலையிலும் சறுக்கி விழாமல் இருப்பது எவ்வளவு பெரிய குறை! இருபத்தைந்தாவது கல்யாண நாளைச் சாக்காக வைத்து, 'மூன்று நாள் ஸ்கீயிங், பக்கத்திலேயே' என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். குழு கைதட்டி முடித்த பிறகுதான் மனைவிக்கே விஷயம் தெரிந்தது.

நாகவள்ளிக்குப் பனி என்றால் ஃப்ரீசரில் மீன் பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற சமாச்சாரம். அதைப் பார்க்க விமானம் ஏறுவானேன் என்று கேட்டாள்.

"உனக்குப் புரியாது வள்ளி. இது லைஃப்ஸ்டைல்."

அமீரகத்துப் புஜைராவில் இருந்த அவர்கள் வீட்டின் சாப்பாட்டு மேசை அன்றிலிருந்து போர்க்கால அலுவலகமாயிற்று. லேப்டாப்பில் எக்ஸெல், மூன்று வண்ணங்களில் திட்டங்கள், கைபேசியில் மூன்று வானிலைச் செயலிகள். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லின. ஜார்ஜியாவில் பனி அளவுக்கு மீறிப் பெய்து மலைச்சாலையை மூடிவிட்டார்கள். அர்மீனியாவில் பனியே இல்லை, புல் தெரிகிறதாம். லெபனான் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றி அவரே வாய் திறக்கவில்லை. கடைசியில் ஜார்ஜியா சாலையைத் திறந்த அன்றைக்கு, புஜைராவில் எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது. புயல் மழை வருகிறது, வாடி என்கிற மலை ஓடைகளின் பக்கம் போகாதீர்கள் என்று அரசாங்க எச்சரிக்கை. விமானம் ரத்து. வாங்கி வைத்திருந்த சிவப்பு ஸ்கீ உடுப்பு சோபாவில் ஆள் இல்லாத ஆள் மாதிரி மல்லாந்து கிடந்தது.

அன்று மாலை அவர் குளிக்கப் போன நேரத்தில் நாகவள்ளி அந்த எக்ஸெல்லைப் பார்த்தாள். பிள்ளைகள் இருவருக்கும் ஹோம்வொர்க் செய்துகொடுத்தே எக்ஸெல் கற்றவள் அவள். ஏழாவது வரிக்குப் பிறகு ஒன்பதாவது வரி வந்தது.

எட்டைக் காணோம்.

மறைத்து வைத்திருந்த வரியை விரித்தாள். 'அல் தல்ஜ் ஸ்நோ ஹால், புஜைரா. இருபது நிமிடம்.' பக்கத்துக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்: 'வேண்டாம்.'

துறைமுகச் சாலையில் இருக்கிற பனிக்கூடம் அது. பதிமூன்று வருடத்துக்கு முன், அவர் வளைகுடாவுக்கு வந்த புதிதில், அவள் ஊரில் இருந்த காலத்தில், இரண்டு வருடம் அங்கேதான் டியூட்டி சூப்பர்வைசர். ஆனால் அவருடைய பயோடேட்டாவில் அந்த இரண்டு வருடமும் 'சுயேச்சை ஆலோசகர்' என்று இருக்கும். ஆலோசகர் என்றால் வேலை இல்லாதவர், இல்லாவிட்டால் வெளியே சொல்ல முடியாத வேலை பார்த்தவர். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு சாத்தியமும் தோன்றும். டிக்கெட் கவுன்ட்டரில் யாராவது சிரித்த முகமாக இருந்திருப்பாள்.

அவர் துண்டோடு வெளியே வந்தபோது அவள் சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. அல் தல்ஜ்."

துண்டு தோளிலிருந்து நழுவியது. "அங்கயா? மழை வருதுன்னு சொல்றாங்களே."

"மழை வெளிய. நாம உள்ள."

"அது சின்னப் பிள்ளைங்க போற இடம்மா. நம்ம லெவலுக்கு…"

"நம்ம லெவல் எனக்குத் தெரியும். கெளம்புங்க."

*

மறுநாள் இரண்டு மணிக்கே வானம் சாயங்காலம் மாதிரி கறுத்துவிட்டது. மலைகளின் தலையைக் காணவில்லை. அந்தப் பழைய மாலில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. மீதிக் கடைகளுக்கு முன்னால் கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். டொக், டொக் என்று ஒவ்வொரு வாளியும் ஒவ்வொரு சுருதியில் பேசியது. ஈரக் கம்பளமும் பழைய பாப்கார்னும் கலந்த வாசனை.

பனிக்கூடத்தின் கவுன்ட்டரில் இருந்தவன் துஷாந்தன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், இப்போதைய டியூட்டி சூப்பர்வைசர் அவன்தான். பெயரட்டையைப் பார்த்த பிறகும் அம்மையப்பன் அவனிடம் ஹிந்தியில்தான் பேசினார். அது அவர் கொள்கை. தான் வேலை பார்த்த இடத்திலெல்லாம் வாக்கிடாக்கியில் தமிழ் பேசக் கூடாதென்று சர்க்குலர் போட்டதை, விருந்துக்கு வருகிறவர்களிடம் பாயசம் பரிமாறும்போதெல்லாம் சொல்வார். ஹிந்தியோ அரபியோ பேசு, தெரியாவிட்டால் கற்றுக்கொள், தமிழில் பேசினால் வார்னிங் லெட்டர். "அப்பதான் வள்ளி டிசிப்ளின் வரும். நம்ம ஆளுங்களுக்கு இடம் குடுத்தா ஒப்பாரியே வைப்பானுங்க."

துஷாந்தன் ஹிந்தியைக் காதில் வாங்கிக்கொண்டு தமிழில் பதில் சொன்னான். "வாங்கோ அக்கா. மூண்டு மணிக்கு ஐஸ் போடுறதுக்குப் பூட்டுவம். அதுக்கு முன்னம் வெளியில வந்திடோணும்."

"பூட்டும்போது உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டா?" என்றாள் நாகவள்ளி சும்மா.

"அது நடவாது. கடைசியாச் சுத்திப் பாக்கிற பெடியன் பின்கதவால வெளியில போய், ரேடியோவில 'மாஃபி' எண்டு சொல்லுவான். அதைப் புத்தகத்தில எழுதிப்போட்டுத்தான் நான் கதவைப் பூட்டுறது."

மாஃபி. இல்லை. வளைகுடாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிற அரபி. நாகவள்ளி வீட்டில்கூடத் தக்காளி மாஃபி, கேஸ் மாஃபிதான். அந்தச் சொல்லைத் துஷாந்தன் சொன்னபோது, அம்மையப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதை அவள் கவனித்தாள்.

"எனக்கு முழங்கால் ஒரு மாதிரி இருக்கு," என்றார், சிவப்பு உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் மஃப்ளருமாக. "நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே போட்டோ எடுக்கிறேன். நீ போய்ட்டு வா."

பனிச்சறுக்குக்காக மூன்று வாரம் வீட்டைத் தலைகீழாக்கிய மனிதருக்கு, பனியைக் கண்டதும் முழங்கால் வலி. நாகவள்ளியின் சந்தேகம் இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றது.

*

உள்ளே வெள்ளை. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாத வெள்ளை. கூடத்தின் ஒரு கோடியில் சரிவு, அதன் உச்சியில் பனி ஊதும் இயந்திரம். மழைக்குப் பயந்து ஆட்களே வரவில்லை. நாலைந்து பேர் அடிவாரத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் புகை. நாகவள்ளி பலகைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாடகை பூட்ஸோடு சரிவின் ஓரப் படிகளில் மேலே ஏறினாள். யாராவது பழைய வேலைக்காரர் கண்ணில் பட்டால் நாலு கேள்வி கேட்கலாம் என்று எண்ணம்.

பட்டான். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வெளுத்துப்போன நீலச் சட்டை, மேலே ஒரு பழைய ஜாக்கெட், தோளில் வாக்கிடாக்கி. மற்ற ஊழியர்கள் எல்லாம் பச்சை உடுப்பு.

"தமிழா தம்பி?"

அவன் நிமிர்ந்தான். "ஆமாக்கா. கமுதிப் பக்கம்."

"இங்க ரொம்ப வருஷமா?"

"ரொம்ப வருசமாச்சுக்கா."

அவளுக்கு வாய் ஊறியது. "அம்மையப்பன்னு ஒருத்தர் இங்க சூப்பர்வைசரா இருந்தாரே, தெரியுமா?"

"தெரியாம என்னக்கா. இங்கிட்டு வாங்க, சொல்றேன். அங்க நின்னா காத்து அடிக்கும்."

இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மறைவு. கீழிருந்து பார்த்தால் தெரியாது. அவனுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "உண்மையச் சொல்லு தம்பி. அவருக்கு இங்க ஆளு ஏதாச்சும் இருந்துச்சா?"

அவன் யோசித்தான்.

"இருந்துச்சுக்கா. ஒரு ஆளு."

"நெனச்சேன்!"

"உள்ளயேதான் இருந்துச்சு. அண்ணந்தான் கவனிக்கல."

அவள் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். தன் வாயிலிருந்து புகை போவது தெரிந்தது. அவன் பேசும்போது அவன் வாயைப் பார்த்தாள்.

புகை இல்லை.

இமை மயிரில் பொடிப்பொடியாகப் பனி. அது உருகவும் இல்லை.

வெளியே எங்கோ இடி விழுந்தது. கூடத்தின் விளக்குகள் ஒருமுறை மினுங்கி, மொத்தமாக அணைந்தன. கீழே யாரோ கத்தினார்கள். பூட்ஸ் கால்கள் ஓடுகிற சத்தம். பிறகு கதவு தண்டவாளத்தில் உருளும் ஓசை. கனமாக, நிதானமாக, நெடுநேரம் உருண்டது. அது நின்றபோது காதுக்குள் பஞ்சு வைத்ததுபோல ஆயிற்று.

நாகவள்ளி எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் நிமிரவில்லை. 'ஏங்க' என்று கூப்பிடப் பார்த்தாள். தாடை கிட்டித்துப்போய், வெறும் காற்றுதான் வந்தது.

இருட்டில், அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில், ரேடியோ கரகரத்தது.

"அந்தர் கோயி ஹை?" துஷாந்தனின் குரல். "கோயி நஃபர்? உள்ளுக்க ஆரும் நிக்கிறீங்களோ?"

க்ளக். பொத்தானை அமுக்கும் சத்தம்.

"மாஃபி," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

*

ரேடியோவின் பொத்தானை வெளியே யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அங்கே பேசுவதெல்லாம் உள்ளே கேட்டது.

"என் வைஃப் இன்னும் வரல! கதவைத் திற!" அம்மையப்பன் தமிழில்தான் கத்தினார்.

"அண்ணை, பதட்டப்படாதேங்கோ. அக்கா கழிப்பறைப் பக்கம் போயிருப்பா. உள்ளுக்க ஒருத்தரும் இல்லை. மாஃபி எண்டு பதில் வந்திட்டுது. மாலுக்குள்ள வெள்ளம் வருது, எல்லாரையும் வெளிக்கிடச் சொல்லிட்டினம். இப்ப பூட்டினால் இனி நாளைக்குக் காலமைதான்."

"பதில் யாரு சொன்னது?"

"பின்கதவால போன பெடியனாத்தான்…"

துஷாந்தன் பாதியில் நிறுத்தினான். 

"அண்ணை," என்றான் பிறகு, குரல் இறங்கிப்போய். "பெடியன் இஞ்ச எனக்குப் பக்கத்தில நிக்கிறான். எங்கட வாக்கிடாக்கி மூண்டில ஒண்டு என்ர கையில, மற்ற ரெண்டும் இந்த மேசையில கிடக்கு."

நாகவள்ளியின் பக்கத்தில் இருந்தவன் அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான்.

"குடு அதை," என்றது கணவரின் குரல். மூச்சு வாங்க, பழக்கத்தில் ஹிந்தியிலேயே உள்ளே யார் என்று கேட்டது. "கோன் ஹை அந்தர்?"

க்ளக்.

"மாஃபி."

"கோன்? நாம் போலோ!" பெயரைக் கேட்டு அதட்டினார்.

க்ளக். இந்தமுறை அந்தக் குரல் வேறாக இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, நாக்கில் பழகாத சொல்லை இழுத்து இழுத்து:

"மாஃபி சாப்… மாஃபி… மாஃபி…"

அந்த இருட்டில் நாகவள்ளிக்கு விளங்கிவிட்டது. அரபியில் மாஃபி என்றால் இல்லை. ஹிந்தியில் மாஃபி என்றால் மன்னிப்பு. தமிழ் பேசினால் வார்னிங் லெட்டர் என்று பயந்தவன், தனக்குத் தெரிந்த பத்து ஹிந்திச் சொல்லில் ஒன்றைப் பொறுக்கி, கொஞ்சம் பொறுங்கள் சாப், மன்னித்துவிடுங்கள், பின்கதவு திறக்கவில்லை, நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்பதையெல்லாம் அந்த ஒரே சொல்லில் அடைத்திருக்கிறான். அன்று வெளியே கேட்ட அம்மையப்பன் புத்தகத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறார்.

ரேடியோவில் கதவுச் சக்கரத்தை யாரோ முறுக்குகிற சத்தம் கேட்டது; கதவு அசையவில்லை. அவள் விரல்களை அவளால் உணர முடியவில்லை. தூக்கம் வந்தது. இதமான தூக்கம்.

கதவைத் திறக்கச் சொல்லுங்க. தமிழ்லயே பேசுங்க என்று மனதுக்குள் கணவரைக் கெஞ்சினாள். பேசுங்க.

"வீரபாண்டி."

அந்தப் பெயரைச் சொன்ன குரலை நாகவள்ளி அதுவரை கேட்டதில்லை. மூன்று வரிப் பதவியும் உதிர்ந்துபோன குரல்.

"வீரபாண்டி, நான் அம்மையப்பன். அன்னைக்கு அஞ்சு மணிக்கு லேபர் கேம்ப் பஸ்ல ஒரு தலை கொறஞ்சப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சுடா. இல்லங்கிறதை எவனும் மூணு வாட்டி அழுதுகிட்டுச் சொல்ல மாட்டான். திரும்பி வந்து தொறந்தா, தப்பா பூட்டுனேன்னு ஆயிரும். நீ வேற பஸ்ல போயிருப்பேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மறுநாள் உன்னை வெறைச்சுப்போய் வெளிய எடுத்தப்ப, ரிப்போர்ட்ல… நீ குடிச்சிட்டு உள்ள படுத்துட்டேன்னு எழுதினேன்." ஒரு விம்மல். "தமிழ்லயே கேக்குறேன்ப்பா. தமிழ்லயே சொல்லு. உள்ள யாரு இருக்கீங்க?"

பக்கத்தில் துணி சரசரத்தது. அவன் அவள் பக்கம் திரும்புகிறான். இருட்டிலும் அவன் பார்ப்பது தெரிந்தது. நெடுநேரம் பார்த்தான்.

க்ளக்.

"நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ண்ணே. கதவைத் தொறங்க."

*

கையால் சுற்றுகிற சக்கரம் இந்தமுறை அசைந்தது; கதவைத் திறந்தார்கள். துஷாந்தன் டார்ச்சோடு ஏறி வந்தபோது நாகவள்ளி மட்டும்தான் இருந்தாள். எதிரே பனியில் ஒருவர் குத்தவைத்த பள்ளம். அவன் அதன்மேல் வெளிச்சத்தைப் பிடித்தான், சட்டென்று விலக்கிக்கொண்டான். "வாங்கோ அக்கா. பின்னால பாக்காமல் வாங்கோ," என்றான், அவ்வளவுதான்.

காரில் இரண்டு கம்பளியும் ஒரு ஃபிளாஸ்க் சுலைமானி டீயும் தீர்ந்த பிறகு அவளுக்கு வாய் வந்தது. மழை கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. அம்மையப்பன் மஃப்ளரை மறுபடி ஒழுங்காகச் சுற்றியிருந்தார். கலைந்த முடியைக் கண்ணாடியில் பார்த்து வாரியும் இருந்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"அவன் வீட்டுல யார் இருக்காங்க?"

"ம்?"

"கமுதியில."

"பொண்டாட்டி. ஒரு புள்ள." ஸ்டியரிங்கைத் துடைத்தார். "பாரு வள்ளி, அங்க நான் பேசுனதெல்லாம் ஒரு பதட்டத்துல பேசுனது. உன்னை வெளிய கொண்டு வரணும்ல. அந்த யாழ்ப்பாணத்துப் பையன்கிட்டயும் சொல்லியாச்சு, ரேடியோல ஏதோ டிஸ்டர்பன்ஸ்னு."

"குடிகாரன்னு நெனச்சுக்கிட்டு இருப்பா அவன் பொண்டாட்டி. பதினோரு வருஷமா. நாளைக்கே போன் போட்டுச் சொல்லுங்க."

"யோசிச்சுப் பார்த்தியா நீ? கம்பெனி, விசா குடுத்த கஃபீல், கேஸு… நான் இன்னைக்கு இருக்கிற பொசிஷன் என்ன?" பிறகு, தன் பழைய குரல் முழுசாகத் திரும்பிவர, ஸ்டியரிங்கைத் தட்டினார். "கலாஸ். முடிஞ்சுபோன கதை. இதப்பத்தி இனி பேச்சு மாஃபி."

அந்தச் சொல் காருக்குள் அப்படியே நின்றது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நாகவள்ளியின் பிடரியில் ஃப்ரீசர் கதவைத் திறந்ததுபோல ஒரு காற்று.

முன்னால் வாடியில் செம்மண் தண்ணீர் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு கார்களை ஒவ்வொன்றாக நிறுத்தி அனுப்பினார். இவர்கள் முறை வந்ததும் குனிந்து, அம்மையப்பனைப் பார்த்தார். நாகவள்ளியைப் பார்த்தார். பின் இருக்கையைப் பார்த்தார். கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"சதீக், மை ஃப்ரெண்ட், பேக் சீட். சீட் பெல்ட் ப்ளீஸ்," என்றார். பிறகு போகலாம் என்று கையசைத்தார். "யல்லா, யல்லா."

கார் மெல்ல நகர்ந்து தண்ணீரில் இறங்கியது. இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடியே இருந்தார்கள்.

பின்னால் ஒரு பெல்ட் சரசரவென்று இழுபட்டது.

க்ளக்.

அம்மையப்பனின் உதடு அசைந்தது. "கோ… கோன்…"

"தமிழ்ல கேளுங்க," என்றாள் நாகவள்ளி கிசுகிசுப்பாக.

அவரால் முடியவில்லை. பல் தந்தியடித்தது. வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள்தான் கேட்டாள், திரும்பாமல்.

"தம்பி, நீ எங்க எறங்கணும்?"

மழைச் சத்தத்துக்கு நடுவில், மரியாதையான, களைத்துப்போன குரல்:

"அண்ணன் எறங்குற எடத்துலதான்க்கா."